நான்காவது தலை

காலை ஏழு இருபதுக்கு அப்பர் சிராங்கூன் சாலை ஆறாம் மைல்கல் பேருந்து நிறுத்தத்தில் என் பழைய மோரிஸ் வண்டியை நிறுத்துவேன். அங்கே மூவர் காத்திருப்பர். அவர்கள் எனக்கு உறவினர் அல்லர். அண்டை வீட்டாரும் அல்லர். நாங்கள் ஒரே தெய்வத்தை வணங்குபவர்களும் அல்லோம். எழுபத்தைந்தாம் ஆண்டின் நடுவில் வந்த ஒரு சட்டம் எங்களை ஒரே வண்டிக்குள் உட்கார வைத்தது.

நகரின் நடுவே வண்டிகள் நெருங்கி நின்று நகர மாட்டாமல் திணறிய காலம் அது. காலை ஏழரை முதல் பத்தேகால் வரை நகருக்குள் நுழையும் ஒவ்வொரு காரும் முன்கண்ணாடியில் கட்டணச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள். நுழையும் சாலைகள்தோறும் தலைக்கு மேலே ‘கேன்ட்ரி’ என்னும் இரும்புத் தோரணம் ஒன்றை நட்டு, அதனடியில் சிறு கூண்டு வைத்து, குறிப்பேட்டுடன் ‘வார்டன்’ என்னும் காவலர் ஒருவரை நிறுத்தினார்கள். எந்த வண்டியையும் அவர் மறிக்க மாட்டார். சீட்டில்லாத வண்டியின் எண்ணை எழுதிக்கொள்வார். அழைப்பாணை அஞ்சலில் வந்து சேரும். ஆனால் வண்டிக்குள் நான்கு பேர் இருந்தால் சீட்டு வேண்டியதில்லை. அன்றிலிருந்து கார் வைத்திருந்தவர்கள் பேருந்து நிறுத்தங்களில் தலை தேடத் தொடங்கினார்கள். பேருந்தின் நெரிசலுக்கு அஞ்சியவர்கள் கார் தேடத் தொடங்கினார்கள்.

முன்னிருக்கையில் என் அருகே அமர்பவள் கியோக் லான், கப்பல் நிறுவனமொன்றின் தட்டச்சுக்காரி. முப்பது வயதிருக்கும், நாக்கில் ஊசி வைத்திருப்பவள். எனக்குப் பின்னால் ஒஸ்மான், நீதிமன்றத்தில் கோப்பு சுமக்கும் ஏவலர். அவருக்கு இடப்பக்கம், சன்னலோரம், சூன் தெக் என்னும் முதியவர். ராபிள்ஸ் பிளேசில் பத்து மாடிக் கட்டடமொன்றில் மின்தூக்கி இயக்குபவர். நாங்கள் அவரை ‘அப்பெக்’ என்போம். சீனக் கிழவரை ஊரார் அழைக்கும் முறை அது. அவர் என்னை ‘தவ்கே’ என்பார், முதலாளி என்று. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிற எழுத்தரை அப்படி அழைப்பதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

வண்டியில் ஏறியதும் அப்பெக் சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கிவிடுவார். நானோ கூற்றுவனை உதைத்த திருவடியைப் போற்றும் பாடலொன்றை வாய்க்குள் முணுமுணுத்தபடி ஓட்டுவேன். கியோக் லானுக்கு அதுவும் விளையாட்டுத்தான்.

“சார், உங்க சாமியையும் ஏத்திக்கிட்டா அஞ்சு பேராயிடுமே! அப்பெக்கை எறக்கி விட்டுடலாமா?”

“சாமி தலையெல்லாம் வார்டன் கண்ணுக்குத் தெரியாதும்மா.”

“அப்ப என்னத்துக்கு அந்தச் சாமி?” என்று அவள் சிரிப்பாள். ஒஸ்மான் மட்டும், “சாமி விஷயத்துல வெளையாடாத, கியோக் லான்” என்று மெல்லக் கண்டிப்பார்.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். தோரணத்துக் காவலர்கள் எழுதி அனுப்பும் எண்களை உரிமையாளரின் பெயரோடு பொருத்தி, அழைப்பாணையைத் தட்டச்சுக்கு அனுப்பும் மேசை என்னுடையது. அதற்கு மன்னிப்புக் கேட்டு வரும் மடல்களும் என்னிடமே வரும். ‘என் வண்டியில் நால்வர் இருந்தோம், வழியில் ஒருவருக்கு உடல் நலமில்லாமல் இறங்கிவிட்டார்’ என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அத்தனைக்கும் ‘ஏற்பதற்கில்லை’ என்னும் முத்திரையை நான் குத்தினேன். பொய்யென்றே எண்ணினேன். பெரும்பாலும் பொய்யாகவே இருந்திருக்கும்.

அப்படியிருக்க ஒரு நாள் அந்தப் பட்டியலில் என் வண்டியின் எண்ணே இருந்தது. தோரணத்தைக் கடக்கையில் அப்பெக் இருக்கையில் சரிந்து உறங்கியிருக்கிறார்; காவலரின் கண்ணுக்கு மூன்று தலைகளே தெரிந்திருக்கின்றன. தலைமை எழுத்தர் ஒலிவெரோ தாளைத் தூக்கிக் காட்டி அலுவலகமே கேட்கச் சிரித்தார்.

“அம்பலவாணர், ஒம் பேருக்கு நீயே ஒரு கடுதாசி போட்டுக்கய்யா!”

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இந்தத் தடவை சிரிச்சிட்டு விட்டுடறேன். இன்னொரு தடவை வந்துச்சின்னா நான் மேல அனுப்பியாவணும். ஒன் பதவி உயர்வு வர்ற நேரம். பாத்து நடந்துக்க.”

அபராதத்தைக் கட்டினேன். மறுநாள் முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. தோரணம் கண்ணுக்குத் தெரிந்ததும் கியோக் லான் பின்னால் திரும்பி, “அப்பெக், தலை!” என்பாள். அவர் திடுக்கென்று நிமிர்ந்து, கூண்டிலிருக்கும் காவலரை நோக்கிக் கண்களை அகல விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். வண்டி கடந்ததும், “என் வேலை முடிஞ்சிச்சி. சம்பளம் எங்க?” என்று கேட்டுவிட்டு மீண்டும் சாய்ந்துகொள்வார். அவர் எங்களுக்குச் செய்யும் தொண்டு அது ஒன்றே; அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

நவம்பர் மாதத்தில் மழை விடாமல் பெய்த ஒரு திங்கட்கிழமை. அப்பெக் ஏறும்போதே குடையை மடக்க மாட்டாமல் தடுமாறினார். குளிர்ந்த காலையில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. அன்று அவர் உறங்கவில்லை. ஒஸ்மான்தான் அதை முதலில் கண்டார்.

“என்ன அப்பெக், இன்னிக்கு முழிச்சிருக்கீங்க? ராத்திரி நல்லாத் தூங்கிட்டீங்களா?”

“வயசானா தூக்கம் சொன்னபடி கேக்க மாட்டேங்குதுடா.”

“லிப்டுலயே தூங்கற ஆளு நீங்க” என்றாள் கியோக் லான். “எட்டாவது மாடிக்குப் போறவனை நாலாவது மாடியில எறக்கி விட்டுட்டு.”

அவர் சிரிக்க முயன்றார். பின்புறம் காட்டும் கண்ணாடியில் அந்த முயற்சியை நான் பார்த்தேன்.

பாலஸ்டியர் சந்திப்பைத் தாண்டியதும் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. எப்போதும் இல்லாத மரியாதையோடு வந்தது.

“தவ்கே, செத்த ஓரமா நிறுத்துங்க. நான் எறங்கிக்கறேன்.”

“ஏன் அப்பெக்?”

“நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு. காத்து பட்டா சரியாயிடும். நீங்கள்லாம் போங்க.”

ஒஸ்மான் முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார். “அம்பலம் அண்ணே, அடுத்தது ரங்கூன் ரோடு. திருப்பிட்டா நாலு நிமிஷத்துல ஆஸ்பத்திரி. கையெல்லாம் சில்லுன்னு இருக்குண்ணே அவருக்கு.”

“காலையில வெறும் வயித்தோட கெளம்பியிருப்பாரு” என்றாள் கியோக் லான். சொன்னபோதே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “வாயு. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் வரும். கேன்ட்ரி தாண்டின ஒடனே காப்பிக் கடை இருக்கு. சூடா ஒரு காப்பி உள்ள போனா எறங்கிடும்.”

அவள் கொடியவள் அல்லள். அவள் சொன்னதை நான் நம்ப விரும்பினேன், அதனால் நம்பினேன். அந்தச் சில நொடிகளில் என் மனம் எதை எண்ணியது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மருத்துவமனையில் அவரை விட்டுத் திரும்பினால் மூன்று தலை. மூன்று தலையோடு நுழைய முடியாது. சீட்டு விற்கும் கூண்டின் முன் அந்த மழையிலும் வரிசை நிற்கும். அதில் நின்று வாங்கினால் அலுவலகத்துக்கு அரைமணி தாமதம். வாங்காமல் நுழைந்தால் நாளைய பட்டியலில் என் எண். ஒலிவெரோவின் முகம் கண்முன் வந்தது. என் பின்னால் மூச்சுக்கு ஏங்கிய முகம் வரவில்லை.

“ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க அப்பெக்” என்றேன். “கேன்ட்ரியத் தாண்டின ஒடனே நிறுத்திடறேன்.”

“சரி, சரி” என்றார் அவர்.

அவர் வாதிட்டிருந்தால், கதவைத் திறக்க முயன்றிருந்தால், என்னை ஏசியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று பின்னாளில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரோ இடர் தராத மனிதர். வாழ்நாள் முழுதும் பிறர் சொன்ன மாடிக்கு ஏற்றியும் இறக்கியும் பழகியவர்; என் சொல்லுக்கும் அப்படியே இசைந்தார். ரங்கூன் சாலையின் திருப்பம் வலப்பக்கம் வந்தது. மழைத் திரைக்குள் மெல்ல நகர்ந்து பின்னால் போயிற்று. ஒஸ்மான் கையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் பாடவில்லை.

தோரணம் தெரிந்தது. கியோக் லான் பழக்கத்தால் திரும்பினாள். “அப்பெக், தலை” என்றாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

அவர் தலையை உயர்த்தினார். கண்ணாடியில் பார்த்தேன். முகம் சாம்பலாய் வெளுத்திருந்தது. இரு கையாலும் முன்னிருக்கையின் விளிம்பைப் பற்றி, கழுத்தை நிமிர்த்தி, கூண்டின் பக்கம் திரும்பினார். சிரிக்கவும் செய்தார். மழையுடை அணிந்த காவலர்ப் பெண்ணின் உதடுகள் எண்ணிக்கொண்டே வந்து நான்கில் நின்றன. அவள் பேனா அசையவில்லை. நாங்கள் கடந்தோம்.

ரோச்சோர் கால்வாயை ஒட்டி வண்டியை நிறுத்தியபோது அவர் வழக்கம்போல் சன்னலில் தலை சாய்த்திருந்தார். “அப்பெக், எறங்குங்க, வாங்க” என்று ஒஸ்மான் அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, வண்டியத் திருப்புங்க.”

திருப்பினேன். நகருக்குள் சாலை கழுவித் துடைத்த தட்டுப்போல் இருந்தது. அந்தத் திட்டம் வாக்களித்த வெறுமை அது. தடையேதுமில்லாமல் இரண்டு தெருக்களை நொடியில் கடந்தேன். ஆனால் எல்லைக்கு வெளியே வந்ததும் வண்டி நின்றுவிட்டது. சீட்டு வாங்க மனமில்லாதவர்கள், நான்காம் தலை கிடைக்காதவர்கள், பத்தேகால் மணிவரை காத்திருக்க முடியாதவர்கள் எல்லாரும் நகரைத் தொடாமல் சுற்றிச் செல்லும் சாலைகளில் வந்து குவிந்திருந்தார்கள். உள்ளே தீர்ந்த நெரிசல் வெளியே வந்து குடியேறியிருந்தது. முன்னால் சரக்கு வண்டி, பின்னால் பேருந்து, பக்கத்தில் எவனோ ஒருவன் எல்லாரும் கேட்க ஒலிப்பானை அழுத்திக்கொண்டேயிருந்தான்.

ஒஸ்மான் கதவைத் திறந்து மழையில் இறங்கி ஓடினார். முன்னே நின்ற வண்டிகளின் கூரையைத் தட்டித் தட்டி, “வழி விடுங்க! உள்ள ஆளு சாவுறாரு! கொஞ்சம் ஒதுங்குங்க!” என்று கத்தினார். ஒருவர் ஒதுங்கினார், ஒதுங்க விரும்பிய இன்னொருவருக்கு ஒதுங்க இடமில்லை. கியோக் லான் பின்னிருக்கைக்குப் போய் அந்த முதியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் மொழியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நான்கு நிமிடத்தில் சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு இருபத்தாறு நிமிடம் ஆயிற்று.

மருத்துவர் இளைஞர். போர்வையை மேலே இழுத்து மூடிவிட்டுக் கேட்டார்: “வலிக்குதுன்னு எப்ப சொன்னாரு?”

“இப்பத்தான், வழியில” என்றேன்.

எழுதிக்கொண்டார். ஒஸ்மான் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் சட்டையிலிருந்து நீர் சொட்டியது.

பத்தரை மணிக்கு அலுவலகத்துக்குச் சென்றேன். தாமதத்துக்குக் காரணம் கேட்ட ஒலிவெரோவிடம், என் வண்டியில் வந்தவர் இறந்துவிட்டார் என்றேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பற்றினார். வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. மறுநாள், திங்கட்கிழமைக்குரிய பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். என் எண் இல்லை. எந்தக் காவலரின் ஏட்டிலும் நான் குற்றவாளி அல்லேன். சட்டத்தின்படி அன்று காலை நாங்கள் நால்வராக நகருக்குள் நுழைந்தோம், நால்வரும் உயிரோடிருந்தோம்.

மூன்றாம் நாள் மாலை, அவர் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் துக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் ஒன்றாகவே சென்றோம். வண்டியில் செல்லவில்லை, பேருந்தில் நின்றபடி சென்றோம். பெட்டியின் முன் ஊதுவத்தி புகைந்தது. மேசைகளில் வேர்க்கடலையும் தர்பூசணி விதையும் வைத்திருந்தார்கள். துக்கத்துக்குரிய சாக்குத் துணி அணிந்திருந்த அவர் மகள் சியூ எங் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“நீங்கதானே அந்தக் கார்க்கார சார்? அப்பா தெனமும் ஒங்களப் பத்திச் சொல்வாரு. ‘பஸ்ஸுல ஒத்தக் கால்ல நின்னு போற வயசா எனக்கு? கார்ல தூங்கிக்கிட்டே போறேன், தவ்கே ஒரு காசு வாங்கறதில்ல’ன்னு அவ்ளோ பெருமை அவருக்கு.”

நான் தலை குனிந்தேன். அவள் எங்களுக்குத் தேநீர் ஊற்றினாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, இறந்தவருக்காக எரிக்கும் பூசைக் காகிதத்தை மடித்தவாறே, கேட்க வந்ததைக் கேட்டாள்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னாரா சார்?”

நான் வாய் திறக்கும் முன் கியோக் லான் பதில் சொல்லிவிட்டாள். “தூக்கத்துலயே போயிட்டாரும்மா. ஒண்ணுமே தெரியல அவருக்கு. எல்லாருக்கும் கெடைக்காது இந்த மாதிரி நல்ல சாவு.”

சியூ எங்கின் தோள்கள் தளர்ந்தன. மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டாள். ஒஸ்மான் தேநீர்க் குவளையை உதட்டில் வைத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார். அந்தப் பொய் அவளுக்கு ஆறுதல் என்பதை நான் அறிவேன். ஆனால் அவளை ஆற்றிய அதே சொல் என்னையும் விடுவித்தது. அந்த விடுதலையை நான் பெற்றுக்கொண்டால், நாளை எவன் முன் நின்று எந்தப் பாடலைப் பாடுவேன்? தன்னலமற்ற பொய் எது, தன்னலத்தின் பொய் எது என்று பிரித்தறிய எனக்கு அப்போது வலிமையில்லை. உண்மை ஒன்றே கைக்கு அகப்பட்டது.

“தூங்கலம்மா” என்றேன்.

கியோக் லான் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

“நெஞ்சு அடைக்குது, எறக்கி விடுங்கன்னு கேட்டாரு. ஆஸ்பத்திரித் திருப்பம் பக்கத்துலதான் இருந்துச்சி. ஒஸ்மான் திருப்பச் சொன்னாரு. நான்தான் திருப்பல. அவரு எறங்கிட்டா வண்டியில மூணு பேரு. கேன்ட்ரி தாண்ட முடியாது.”

அவள் கை மடிப்பதை நிறுத்தவில்லை. “நீங்க என்ன சொன்னீங்க அவருகிட்ட?”

“ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்கன்னேன்.”

“அவரு?”

“சரி, சரின்னாரு.”

மடித்த காகிதத்தைக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். “அவரு அப்பிடித்தான் சொல்வாரு” என்றாள். அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. அவள் ஏச வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் விடைபெற எழுந்தபோது அவள் தட்டொன்றை ஏந்தி வந்தாள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் திரும்புகையில் சிவப்பு நூல் ஒன்றும் மிட்டாயும் கொடுப்பது வழக்கம். சாவின் தீட்டு வீடுவரை தொடராமல் இருக்க நூலை விரலில் சுற்றிக்கொண்டு போவார்கள். கியோக் லானுக்குக் கொடுத்தாள். ஒஸ்மானுக்குக் கொடுத்து, “மழையில எறங்கி ஓடுனீங்களாம். நர்ஸு சொன்னாங்க” என்றாள். பிறகு என் முன் வந்தாள். தட்டிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். அதை விரல்களுக்கிடையே சற்று நேரம் வைத்திருந்தாள். மீண்டும் தட்டிலேயே வைத்துவிட்டு, அப்போதுதான் உள்ளே வந்த வேறு யாரையோ வரவேற்கச் சென்றாள்.

பேருந்து நிறுத்தம்வரை மூவரும் நடந்தோம். ஒஸ்மான் தம் பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை. கியோக் லான் மட்டும் நின்றாள். விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்து, பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள்.

“பிடிங்க சார். இது இல்லாமப் போவக் கூடாது. பின்னாடியே வந்துடும்.”

“வரட்டும்” என்றேன்.